தூரிகை நின்ற இடம்

மார்ச் 3

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தாங்கள் எழுதியுள்ள பண்டைய எகிப்திய மொழி இலக்கண நூலில் எங்கள் அருங்காட்சியகத்துக் கல்பலகை ஒன்றின் படத்தைச் சேர்க்க அனுமதி கேட்டு அச்சகத்திலிருந்து வந்த கடிதம் பெறப்பட்டது. கூடவே அனுப்பப்பட்ட ஐந்தாம் அத்தியாயம் படிக்கப்பட்டது. அது செயப்பாட்டுவினை பற்றியது என அறியப்பட்டது. இரண்டு இடங்களில் சிரிப்பு அடக்கப்பட்டது.

இந்த நடை பிடித்திருக்கிறதா? தங்களிடமிருந்து வந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் "தாள்படி எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி உண்டு. எடுத்தது யார் என்று அதில் இல்லை. ஏதோ தாள் தானாக நனைந்து, தானாகப் போய்க் கல்லில் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் தானாக உரிந்து தங்கள் மேசைக்கு நடந்து வந்ததுபோல.

உங்கள் மகளின் மூன்றாவது பிறந்தநாளன்று, செருப்பைக் கையில் பிடித்தபடி, "இனிமே உங்கிட்ட பேசினா ஏன்னு கேளு" என்று வாசலில் சொல்லிவிட்டு வந்தேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதுவும் இது அலுவலக விஷயம்.

விஷயம் இதுதான். படத்தில் இருப்பது பலகையின் சரியான படி என்று கையெழுத்துப் போடவேண்டியவள் நான். போட முடியாது. தங்கள் 214-ஆம் எடுத்துக்காட்டில், நான்காம் வரியில், தாங்கள் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும் அந்த அரைவட்டம் எழுத்தே இல்லை. காற்று. தாளுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குமிழி.

அச்சுக்குப் போவதற்குள் தெரிவிக்கவேண்டும் என்று கருதப்பட்டது. தெரிவிக்கப்பட்டது.

இப்படிக்கு,
படியெடுப்பவர், கற்பிரிவு


மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூன்று வருஷமாகத் தபால்காரரைப் பார்த்தபோதெல்லாம் உன் கையெழுத்து வருமா என்று பார்த்திருக்கிறேன். வந்தது. உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன் என்று உன் அண்ணன் இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறார். உள்ளே பார்த்தால் ஒரு குமிழி.

சண்டை போடுவதென்றால் போடு. செருப்பைப் பற்றி எழுது, பிறந்தநாளைப் பற்றி எழுது. ஆனால் என் ஐந்தாம் அத்தியாயத்தின் மேல் கை வைக்காதே. பன்னிரண்டு வருஷத்துப் புத்தகத்தில் அந்த அத்தியாயம்தான் முதுகெலும்பு. அந்த அத்தியாயத்துக்கு 214. அதில் வரும் வினை "நினை" என்பது. அதன் பின்னால் அரைவட்டமாக ஒரு சின்ன ரொட்டி எழுத்து செதுக்கியிருந்தால் "அவள் நினைக்கப்பட்டாள்" என்று ஆகும். ரொட்டி இல்லையென்றால் "அவள் நினைத்தாள்", அவ்வளவுதான். வழக்கமாக ரொட்டிக்கு அடுத்து ஒரு குருவிக்குஞ்சும் இருக்கும். இடம் போதாத இடத்தில் ரொட்டியை மட்டும் போட்டுவிட்டுக் குஞ்சை விட்டுவிடுவார்கள். அந்த வினையை அந்தக் காலத்தில் அப்படி எழுதியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்று உங்கள் பலகை. ஆறு பக்கம் அதை வைத்து எழுதியிருக்கிறேன். அது போனால் அத்தியாயம் நொண்டும்.

நீ சொல்வதை நான் நம்பாததற்குக் காரணம் வேறு. உன் கையில் குமிழி வராது. விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து உன் கையை எனக்குத் தெரியும். நீ எடுத்த படிகள் நாற்பத்தொன்று என்னிடம் இருக்கின்றன. ஒன்றில்கூட ஊசிமுனை அளவு காற்று கிடையாது. வேறு யார் எடுத்திருந்தாலும் நானே முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். நீ எடுத்தது என்பதால்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

ஆகையால் கோபத்தில் சொல்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் காரணம் சொல். அச்சகம் ஏப்ரல் ஐந்துவரைதான் காத்திருக்கும்.

உன் மருமகளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. நான் சத்தமாகப் படித்துத் திருத்துவதைக் கேட்டுக் கேட்டு என் நடை அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று என் மேசைவிரிப்பெல்லாம் பால். யார் செய்தது என்று கேட்டால், "பால் கொட்டப்பட்டதும்மா" என்கிறாள். யாரால் என்று கேட்டேன். "அது கல்வெட்டுல இல்ல" என்றாள்.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

"அவர்களுக்கு" என்பதை எடுத்துவிட்டேன், கவனித்திருப்பாய். அந்தப் பால் கதைக்காக. கிடங்கில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காரணம் கேட்டாய். சொல்கிறேன். கோபப்படாமல் படி. இல்லை, படித்துவிட்டுக் கோபப்படு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பலகை கிடங்கில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது நினைவிருக்கிறதா? நடுவில் அரைச்சாண் இடைவெளி. கேமரா போகாது, தலை போகாது, என் கையும் நீளக்காம்புத் தூரிகையும்தான் போகும். அதனால்தான் தாள்படி. எழுத்தெல்லாம் புடைப்பாகச் செதுக்கியது. நனைத்த தாளை ஒட்டி, ஒவ்வொரு எழுத்தையும் சுற்றித் தூரிகையால் அடித்து உட்கார வைக்கவேண்டும். அதற்கு இருப்பது ஒரே விதி: ஆரம்பித்தால் தூரிகை நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தில் தாள் கல்லைவிட்டு எழும்பிக் காய்ந்துவிடும். தும்மல் வந்தாலும் அடித்துக்கொண்டே தும்மவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் கன்னத்தைச் சுவரில் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். நான்காம் வரி. அப்போது நீ சொன்னாய், "உங்கண்ணன் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டார்டி. சரின்னுட்டேன்."

தும்மலுக்கு விதி இருந்தது. இதற்கு இல்லை.

என்னைப் பார்க்க வந்த அண்ணன் உன்னைப் பார்த்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும். அவன் கேட்பான், நீ சரி என்பாய் என்று நான் நினைக்கவில்லை. தூரிகையை அப்படியே விட்டுவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை. டார்ச் கீழே விழுந்து உருண்டது, அதை இருவரும் குனிந்து தேடினோம், அது மட்டும் ஞாபகமிருக்கிறது. திரும்பி வந்து மீதி வரிகளை அடித்து முடித்தேன். உரித்தெடுத்தபோது குமிழியைப் பார்த்தேன். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். கல்யாண வேலையில் மறந்துபோனேன். இதுவரைக்கும் குற்றம் சின்னது.

பெரியது பின்னால் வருகிறது. உன் கட்டுரை வந்தபோது அதில் குமிழியை ரொட்டி என்று போட்டிருந்தாய். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அதற்கு மூன்று வரி கீழே "எடுக்கப்பட்டது" என்று இருந்தது. சரி, எடுத்தவள் இல்லாத படியில் குமிழி மட்டும் எப்படி வரும், நாம் ஏன் சொல்லவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷம். மறந்தேன் என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. புத்தகமாகி நாலு பேர் கையில் போய் நீ அவமானப்படப் போகிறாய் என்றதும்தான் மனசு கேட்கவில்லை.

நேற்று இடைவெளியில் கையை விட்டு நான்காம் வரியைத் தடவிப் பார்த்தேன். கல் வழவழவென்று இருக்கிறது. ரொட்டி இல்லை. மன்னித்துக்கொள்.

உன் நாத்தனார்


மார்ச் 18

அடி பாவி,

அரைமணி நேரம் உன்மேல் கோபமாக இருந்தேன். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆறு பக்கத்தையும் எடுத்து மேசைமேல் அடித்தேன். உன் அண்ணன் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து, கை துடைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு, "நான் கேட்டதுக்கு இவ சரின்னு சொன்னதுக்கு ஊர்ல ஒரே ஒரு அத்தாட்சி அந்தக் குமிழிதான். அதைப் போய் ரொட்டின்னு எழுதியிருக்கா" என்றார். அதற்குப் பிறகு எப்படிக் கோபமாக இருப்பது?

இப்போது என் முறை. நீ உடைத்துச் சொன்ன பிறகு நான் மூடி மறைத்தால் நன்றாக இருக்காது.

கட்டுரையில் உன் பெயர் விட்டுப்போனதற்கு இடம் போதவில்லை என்று பிறந்தநாளன்று நீ கேட்டபோது சொன்னேன். பொய். முதல் பிரதியில் உன் பெயர் இருந்தது. "படி எடுத்தவர் என் தோழி, அவர் கை இல்லையென்றால் இந்த வரி இல்லை" என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முந்தின நாள் நானே அதை அடித்து நீக்கினேன். படிக்கிறவர்கள் பாதிப் பெருமையை உனக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. பொறாமை. வேறு பெயர் அதற்கு இல்லை. உன்மேல் இருந்த அன்புக்குக் குறைச்சல் இல்லை, அதன் பக்கத்திலேயே இதுவும் உட்கார்ந்திருந்தது.

செய்தவரை விட்டுவிட்டு ஒரு காரியத்தை எப்படிச் சொல்வது என்று அந்த மக்கள் எவ்வளவு வழி வைத்திருந்தார்கள், தெரியுமா? வினையோடு ரொட்டியும் குஞ்சும் சேர்ப்பது ஒன்று. வெறும் வினையின் வடிவத்தை மாற்றுவது இன்னொன்று. பல நூற்றாண்டு கழித்து இதெல்லாம் சலித்துப்போய், நம் வீட்டில் "சொல்றாங்க", "கூப்பிடறாங்க" என்று ஆளைச் சொல்லாமல் சொல்கிறோமே, அதுபோல "அவர்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனையையும் பன்னிரண்டு வருஷம் படித்தவள், கடைசியில் அதை யார்மேல் பயன்படுத்தினேன் பார். உன்மேல்.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். பேனா இந்த இடத்தில் இரண்டு தடவை நின்றது. மைப்புள்ளி தெரியும்.

இனி வேலை. 214-ஐ எடுத்துவிடுகிறேன். உன் விரல் சொன்னால் எனக்குப் போதும், ஆனால் விரல் சாட்சியை அச்சில் போடமுடியாது. தரை சீரமைக்கப் பலகையை நகர்த்தப்போகிறார்கள் என்று அச்சகத்துக்கு வந்த உங்கள் அலுவலகக் கடிதத்தில் ஒரு வரி பார்த்தேன். எப்போது? கல் வெளிச்சத்தைப் பார்த்ததும் புதிதாக ஒரு படி எடுத்து அனுப்புவாயா? ஐந்தாம் தேதிக்குள் வந்தால் அத்தியாயத்தை நிமிர்த்தப் பார்க்கிறேன். வராவிட்டால் ஆறு பக்கத்தை வெட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போகட்டும்.

உன் மருமகள் ஒன்று சொல்லச் சொன்னாள்: "அத்தை ஏன் வர்றதில்லன்னு கேட்கப்பட்டது."

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

மைப்புள்ளியைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கடிதத்திலும் புள்ளிகள் விழும். அதனால் வேலையைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை நகர்த்தினார்கள். நான்கு ஆட்கள், ஒரு சங்கிலிக் கப்பி, "மெதுவா, மெதுவா" என்று கத்த மேற்பார்வையாளர். எனக்கு எட்டு வருஷமாக அந்தப் பலகையின் முதுகுதான் பழக்கம். மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அழகான கல். மேலே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கையில் பூ. நான்காம் வரியை ஓடிப்போய்ப் பார்த்தேன். ரொட்டி இல்லவே இல்லை. ஆக உன் பெண்மணி நினைக்கப்படவில்லை, அவளே யாரையோ நினைத்திருக்கிறாள்.

ஆனால் கேள். பலகை ஒரு மரச்சட்டத்தில் செருகி நின்றிருந்தது. சட்டத்தைக் கழற்றினால் அடியில் இன்னொரு வரி இருக்கிறது. நீயும் பார்க்காதது, நானும் தொடாதது. பதிவேட்டில் ஏழு வரி என்றுதான் இருக்கிறது. இது எட்டாவது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். முதலில் ஒரு நாணல் இலை, அடியில் தண்ணீர் அலை. அப்புறம் அம்புபோல ஒன்று. அதற்கப்புறம், சத்தியமாக, ஒரு ரொட்டி. இந்தத் தடவை தடவிப் பார்த்துவிட்டேன். கல்தான்.

முழுப் பலகைக்கும் புதுப் படி எடுத்து, குழாயில் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டோவும் வைத்திருக்கிறேன், நீ கேட்பாய் என்று தெரியும். நான்காம் வரியில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. எட்டாம் வரியில் மேற்பார்வையாளர் வந்து தனக்கு மாற்றல் வந்துவிட்டதாகச் சொன்னார். "சந்தோஷம் சார்" என்றேன், அடித்துக்கொண்டே.

என்ன எழுதியிருக்கிறது என்று உடனே எழுது. எனக்கு வேலையே ஓடவில்லை.

நான்


மார்ச் 28

அடியே,

குழாய் வந்தது. சாப்பாட்டு மேசையைக் காலிசெய்து விரித்தோம். உன் அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், உன் மருமகள் இன்னொரு முனையில் உட்கார்ந்துகொண்டாள். ஊசிமுனை அளவு காற்றில்லை.

நாணல் இலையும் தண்ணீர் அலையும் சேர்ந்தால் ஒரு சின்னச் சொல். செய்தவர் யார் என்று சொல்லவேண்டும் என்று தோன்றும்போது அவர் பெயருக்கு முன்னால் அதைத்தான் வைப்பார்கள். "இன்னாரால்" என்று சொல்லவும் அதுவே, "வேறு யாருமில்லை, இவர்தான்" என்று அழுத்திச் சொல்லவும் அதுவே. நீ அம்பு என்றது, ரொட்டி என்றது, இரண்டும் சேர்ந்து "சகோதரி". இந்த ரொட்டி பெண் என்று காட்டுவதற்கு. மொத்த வரியும் இதுதான்:

அவள் பெயரை வாழவைத்தவள் அவளுடைய சகோதரியே.

நான் சத்தமாக வாசித்தேன். உன் அண்ணன், "சகோதரின்னா கூடப் பிறந்தவளா?" என்று கேட்டார். அங்கேதான் விஷயம். அவர்கள் அந்தச் சொல்லைக் கூடப் பிறந்தவளுக்கும் சொல்வார்கள், நாத்தனாருக்கும் சொல்வார்கள். உறவு எதுவாக இருந்தாலும் சரி என்பதுபோல.

பழைய ஆறு பக்கம் போயிற்று. எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. அந்த இடத்தில் இரண்டு நாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்: செய்தவர் மறைவது எப்படி என்று இத்தனை தூரம் சொன்ன பிறகு, செய்தவரை மறுபடி உள்ளே கூட்டிவருவது எப்படி என்று. அத்தியாயம் நொண்டவில்லையடி, ஓடுகிறது. எடுத்துக்காட்டு 214 இனி இந்த எட்டாம் வரி.

பழைய படத்தை எடுத்துவிடலாமா என்று அச்சகக்காரர் கேட்டார். வேண்டாம், இரண்டு படமும் இருக்கட்டும் என்றேன். பழையதன் கீழே இப்படிப் போகிறது, பார்த்துச் சொல்:

"நான்காம் வரியில் தெரியும் அரைவட்டம் எழுத்து அல்ல, காற்றுக் குமிழி. என் முந்தைய கட்டுரையில் நான் அதை எழுத்தென்று படித்தது தவறு. இரண்டு படிகளையும் எடுத்தவர் என் தோழி. அவர் தூரிகை ஒரே ஒரு முறை நின்றது. நிறுத்தியவள் நான்."

முகப்புப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே, "படிகள் எடுத்தவர்" என்று உன் பெயர், அதே அளவு எழுத்தில். அச்சகக்காரர் கொஞ்சம் சின்னதாகப் போடலாமே என்றார். ஏன் என்று கேட்டேன், அதே அளவிலேயே போட்டுவிட்டார்.

உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சேறாது. அச்சுத் தாள்கள் உள்ளே, ஒப்பிட்டுப் பார்க்க உன் பழைய படி குழாயில். கீழே உறவு போடவில்லை, நீயே போட்டுக்கொள்.

உன்


ஏப்ரல் 1

அடியே,

கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். படத்தின் கீழே உள்ள குறிப்பில் ஒரு திருத்தம் மட்டும் செய்தேன். "எடுத்தவர்", "அவர்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. "எடுத்தவள்", "அவள்" என்று ஆக்கிவிட்டேன். மரியாதை கொடுத்து என்னைத் தள்ளி வைக்காதே.

மருமகளிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அத்தை வருகிறாள் என்று. வரப்படுகிறது என்று சொல்லித்தொலைக்கப் போகிறாள், திருத்து. அண்ணனிடம் சொல், அவனுடைய அத்தாட்சியை, அந்தப் பழைய தாளை, சட்டம் போட்டுக் கொண்டுவருகிறேன். குமிழி நசுங்காமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். கூடத்தில் ஒரு ஆணி அடித்து வைக்கட்டும்.

செருப்பைக் கையில் பிடித்தபடி உன் வாசலில் நின்று, இனி பேசமாட்டேன் என்று சொன்னவள் நான். அதே வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் பேசப்போகிறவளும் நான்தான். நீ முந்திக்கொள்ளாதே.

உன்